தேயிலைக்கு ஒற்றை நட்சத்திரம்

என் மூக்கை நான் ஒருநாளும் நம்பியதில்லை. லேபிள் அச்சடிக்கும் கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் மையையும் தின்னரையும் சுவாசித்தவனுக்கு மூக்கு என்பது கண்ணாடியைத் தாங்க ஓர் இடம், அவ்வளவுதான். கண் விஷயம் வேறு. ஒரு சிவப்புக்கும் இன்னொரு சிவப்புக்கும் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் மிஷினை நிறுத்திவிடுவேன். மூக்கு மட்டும் கைகொடுக்காது. கல்யாணமான புதிதில் மண்ணெண்ணெய் பாட்டிலைத் திறந்து முகர்ந்துவிட்டு எலுமிச்சை என்று சொல்லியிருக்கிறேன். அதைச் சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லிச் சொல்லி என் மனைவி என் மானத்தை வாங்குவாள்.

சிரிப்பதற்கு அவளுக்கு உரிமை உண்டு. சோப்பு ஃபேக்டரியில் வாசனை பார்க்கிற வேலை அவளுக்கு. ஒவ்வொரு கலவையிலிருந்தும் ஒரு கீற்றுக் காகிதத்தை நனைத்து அவளிடம் கொண்டுவருவார்கள். பழைய மாதிரியோடு ஒப்பிட்டு முகர்ந்து பார்த்து அவள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கலவை சோப்பு அச்சுக்குப் போகும். அங்கே அவளுக்கு மூக்கம்மா என்று பட்டப்பெயர். முதலில் பின்னால் சொன்னார்கள், பிறகு முன்னாலேயே சொன்னார்கள். அவளுக்கும் அதில் பெருமைதான்.

ஃபேக்டரிக்கு வாசனை எண்ணெய் விற்க வந்த ஒரு வெளிநாட்டு ஆள் ஒருநாள் அவளுக்கு ஒரு சின்ன டப்பா கொடுத்துவிட்டுப் போனார். சீனத்துப் பச்சைத் தேயிலை. வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டாள். குடித்தாள் என்பதைவிட, தம்ளரை மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பதுதான் சரி.

"என்னங்க, இத மோந்து பாருங்களேன்."

"புல்லு மாதிரி இருக்கு."

"புல்லாம். தொலியோட வேகவெச்ச பச்சப் பட்டாணிங்க. அதுக்குப் பின்னாடி லேசா வறுத்த கடலை. கடைசியா இன்னொண்ணு இருக்கு, அதுக்குப் பேரு தெரியல."

டப்பா பத்து நாளில் தீர்ந்தது. காலி டப்பாவைக்கூட அவள் தூக்கிப் போடவில்லை. அவ்வப்போது திறந்து முகர்ந்துவிட்டு மூடி வைத்தாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் எதையும் இப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. சரி, இதையாவது தேடிப்பிடித்து வாங்கிக் கொடுப்போம் என்று போனை எடுத்தேன்.

வெளிநாட்டுக் கடைகளில் ஆன்லைனில் தேயிலை வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு பெண் பார்க்கிற வேலை. முதலில் வாங்கிய இடத்தில் படத்தில் மரகதம் போல இருந்தது. வந்தது பழுப்புத் தூள். அடைத்துக் கிடந்த அலமாரி நாற்றம் என்று அவள் சொன்னாள். இரண்டாவது இடத்தில் மல்லிகை கலந்ததை அனுப்பிவிட்டு, கேட்டதற்கு, இதுவும் பச்சைதானே என்று பதில் போட்டார்கள். மூன்றாவது பார்சல் எங்கெங்கோ ஊர் சுற்றி ஐம்பது நாள் கழித்து நசுங்கி வந்தது.

மூன்று தடவை கையைச் சுட்டுக்கொண்ட பிறகு அந்தச் சின்னக் கடை கண்ணில் பட்டது. ஒரு புருஷன் பெண்டாட்டி, சொந்தமாக ஒரு மலைச்சரிவுத் தோட்டம், பறிப்பதும் வறுப்பதும் அவர்களே. படங்கள் மங்கலாக இருந்தன. ஒரு படத்தில் இலையை ஏந்திய பெண்ணின் விரல் நுனிகள் கறுத்துப்போய் இருந்தன. படம் நன்றாக இல்லாததாலேயே நம்பினேன். பளபளப்பான படத்தை அச்சடிப்பது என் பிழைப்பு. அது எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும்.

நான் தமிழில் எழுதுவேன், அந்தத் தளமே அதைச் சீனமாக்கிக் கொடுக்கும். அந்தப் பெண் சீனத்தில் எழுதுவார், அது தமிழாகி என்னிடம் வரும். வருகிற தமிழைப் படிக்கவே ஒரு தனிச் சந்தோஷம். 'அன்பான வாங்குபவரே, உங்கள் இலை நேற்று மலையிலிருந்து இறங்கி நடக்கத் தொடங்கியது' என்று ஒருமுறை. 'கொதிக்கும் நீரால் இலையைக் கொல்ல வேண்டாம். நீரின் கோபம் தணியும்வரை பேசிக்கொண்டிருங்கள்' என்று இன்னொரு முறை. அந்த வரி என் மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு, "வாங்க, கோபம் தணியற வரைக்கும் பேசலாம்" என்று கூப்பிடுவாள். அந்த ஐந்து நிமிஷத்தில்தான் நாங்கள் அன்றைக்கு நடந்ததையெல்லாம் பேசிக்கொள்வோம். பிறகு உயரமான கண்ணாடித் தம்ளரில் நீரை ஊற்றுவாள். இலைகள் முதலில் மேலே மிதக்கும், கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து, ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி நிற்கும். அந்தப் பெண்ணுக்கு நாங்கள் இலைக்காரம்மா என்று பெயர் வைத்திருந்தோம். ஒவ்வொரு பார்சலிலும் கைப்பட எழுதிய ஒரு துண்டுச்சீட்டும், கேட்காமலே ஒரு சின்னப் பொட்டலமும் கூட இருக்கும்.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. மூன்றாவது வருஷம் வசந்தகாலத்து முதல் பறிப்புக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தேன். பார்சல் வந்துகொண்டிருந்தபோது என் மனைவி காய்ச்சலில் படுத்தாள். நாலைந்து நாள் நல்ல ஜுரம், ஜலதோஷம், தலைவலி. பிறகு எழுந்து வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். பத்து நாள் கழித்துப் பார்சல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான்தான் பொட்டலத்தை வெட்டினேன். நான்தான் போட்டேன். இலை முன்னைவிடப் பச்சையாக, ஒரே அளவாக இருந்தது. அவள் தம்ளரை எடுத்து முகர்ந்தாள். இன்னொரு தடவை முகர்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது தடவை.

"இதுல வாசமே இல்லையே."

நான் வாங்கி முகர்ந்தேன். எனக்கு வந்தது. ஜன்னலைத் திறந்ததுபோலத் தெளிவாக வந்தது. வேகவைத்த பட்டாணி, அதற்குப் பின்னால் வறுத்த கடலை. அவள் சொல்லிக் கொடுத்த வரிசையிலேயே வந்தது.

"உங்களுக்கு வருதா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. தம்ளரைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். அது இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தோன்றியதெல்லாம் மண்ணெண்ணெயும் எலுமிச்சையும்தான். மூக்கம்மாவே இல்லை என்கிறாள், நான் எந்த மூக்கை வைத்துக்கொண்டு இருக்கிறது என்பது? போன வருஷ ஞாபகத்தில் நானாகக் கற்பனை செய்கிறேன் போலிருக்கிறது. சொன்னால் இன்னொரு கதை சேரும், அடுத்த கல்யாண வீட்டில் அதையும் சொல்லிச் சிரிப்பாள்.

"இல்ல," என்றேன். "ஒண்ணுமே இல்ல. வெந்நீர் மாதிரி இருக்கு."

அவள் முகம் தெளிந்தது. நிம்மதியாக ஒரு மூச்சு விட்டாள். "நான்கூட பயந்துட்டேன்," என்றாள். இலை வீணாய்ப்போனதற்கு யாராவது நிம்மதிப்படுவார்களா, எதற்குப் பயந்தாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. போனை எடுத்து இலைக்காரம்மாவுக்கு எழுத ஆரம்பித்துவிட்டேன்.

இந்த முறை இலையில் வாசனை இல்லை என்று எழுதினேன். அவர் மன்னிப்புக் கேட்டார். எந்த நீர், எத்தனை சூடு, பொட்டலம் பிரிந்திருந்ததா என்று கேட்டார். கடைசியாக, 'வீட்டில் வேறு யாராவது குடித்துப் பார்த்தார்களா?' என்று ஒரு வரி. எனக்குச் சுருக்கென்றது. என் மனைவியின் மூக்கைச் சந்தேகப்படுகிறாளே என்று கோபம் வந்தது. என் மனைவிக்குத் தொழிலே வாசனை பார்ப்பது என்று காரமாக எழுதினேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. வேறு பொட்டலம் ஒன்றைத் தன் செலவிலேயே விமானத்தில் அனுப்பினார். 'இது என் மாமியாருக்காக எடுத்து வைத்தது. அவர் அடுத்த பறிப்பைக் குடிப்பார்' என்று சீட்டில் எழுதியிருந்தது.

அதையும் போட்டோம். அவள் முகர்ந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். இந்தத் தடவை நான் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இதுவும் அதே கதைதான்," என்றேன்.

அன்று சாயங்காலம் அந்தக் கடையின் பக்கத்தில் மதிப்புரை எழுதினேன். அதுவரை முப்பத்தெட்டுப் பேர் எழுதியிருந்தார்கள், முப்பத்தெட்டும் ஐந்து நட்சத்திரம். முப்பத்தொன்பதாவது என்னுடையது. ஒற்றை நட்சத்திரம். 'பழைய இலையைப் புதிது என்று விற்கிறார்கள். இரண்டு முறை ஏமாற்றினார்கள். வாங்கி ஏமாற வேண்டாம்.' எழுதி முடித்ததும் ஏதோ நியாயத்துக்குப் போராடினதுபோல நெஞ்சு நிமிர்ந்தது. அதற்குக் கீழே அவர் ஒரே ஒரு பதில் போட்டிருந்தார். 'இலையை நாங்களே பறித்தோம். உங்களை வருந்தச் செய்ததற்கு வருந்துகிறோம்.'

அதற்குப் பிறகும் எனக்குத் திருந்த ஒரு வாய்ப்பு வந்தது. என் மனைவியின் அண்ணன் ஒரு பிற்பகலில் வந்தார். அவள் வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. வேறு எதுவும் கைவசம் இல்லாததால் அந்தத் தேயிலையையே போட்டுக் கொடுத்தேன்.

"மாப்ள, என்ன இது, பட்டாணி வாசம் தூக்குதே," என்றார்.

"சும்மா இருங்க மச்சான். உங்க தங்கச்சியே இதுல ஒண்ணும் இல்லன்னுட்டா."

"அவளுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டு மச்சான் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் கேட்டதை அவளிடம் நான் சொல்லவே இல்லை.

வீட்டில் வேறு அறிகுறிகளும் இருந்தன. சாப்பாட்டில் ருசி இல்லை என்று தட்டைத் தள்ளிவைத்தாள். ஒருநாள் என் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே போனில் பேசிக்கொண்டிருந்தாள். துணி கருகுகிற நாற்றம் வந்து நான் அடுத்த அறையிலிருந்து ஓடிவந்தேன். பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றவள், "எப்ப கருகிச்சு?" என்று கேட்டாள். போனில் பேச்சு சுவாரசியம் என்று கேலி செய்தேன். ஓடிவந்தவன் நான். எனக்குத் தெரிந்தது அவளுக்கு ஏன் தெரியவில்லை என்று அந்த நிமிஷம்கூட உறைக்கவில்லை.

காய்ச்சல் வந்து இரண்டரை மாதம் ஆகியிருக்கும். ஒரு புதன்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது அவள் எனக்கு முன்பே வீட்டில் இருந்தாள். சமையலறை மேடை முழுக்க ஏதேதோ திறந்து கிடந்தன. காப்பித்தூள், பூண்டு, ஷாம்பூ, காய்ந்த மிளகாய், செருப்புப் பாலிஷ் டப்பா. நடுவில் தேயிலைப் பொட்டலம். அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சீருடையைக்கூட மாற்றவில்லை.

"என்ன ஆச்சு?"

"ரெண்டு கலவை தப்பாப் போயிருக்கு. எண்ணெய் சிக்கு நாத்தமாம். கடையில இருந்து திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டுலயும் என் கையெழுத்து."

மேலதிகாரி அவள் முன்னால் ஆறு கீற்றுகளை வைத்து, எதில் வாசனை இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். அவள் இரண்டாவதைக் காட்டியிருக்கிறாள். அது வெறும் தண்ணீரில் நனைத்தது.

"காட்டமான வாசமெல்லாம் மூக்குல சுறுசுறுன்னு ஏறுது. அது வாசம் இல்ல, எரிச்சல்னு இன்னைக்குத்தான் புரிஞ்சுது. மத்ததெல்லாம் பேரைப் படிச்ச உடனே ஞாபகத்துல இருந்து வந்திருக்கு. நானும் வருதுன்னு நெனச்சுட்டு கையெழுத்துப் போட்டிருக்கேன்." அவள் தேயிலைப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். "இத மோந்து பாருங்க. எனக்காக எதுவும் சொல்ல வேண்டாம். நெஜத்தச் சொல்லுங்க."

வாங்கி முகர்ந்தேன். திறந்து இரண்டு மாதமாகியும் இருந்தது.

"வருது," என்றேன்.

"அன்னைக்கு? மொத நாள்?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"அன்னைக்கும் வந்துச்சு."

அவள் கத்தவில்லை. ஷாம்பூ மூடியை எடுத்து மெதுவாகத் திருகி மூடினாள்.

"காய்ச்சல் விட்டதுல இருந்தே எனக்கு சந்தேகம். யாருகிட்ட கேக்கறது? ஃபேக்டரில கேட்டா வேலைக்கே ஆபத்து. அதான் உங்ககிட்ட கேட்டேன். நீங்க இல்லன்னு சொன்ன உடனே, தேயிலதான் கெட்டது, நான் நல்லாத்தான் இருக்கேன்னு நெனச்சேன். அந்த ஒரு வார்த்தைய வெச்சுட்டுத்தான் ரெண்டு மாசம் வேலைக்குப் போயிருக்கேன்."

"நீ சிரிப்பியோன்னுதான்..."

"சிரிச்சிருந்தா என்ன?" என்றாள்.

நான் பூண்டையும் மிளகாயையும் எடுத்து அதனதன் டப்பாவில் போட ஆரம்பித்தேன்.

மறுநாள் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். காய்ச்சலுக்குப் பிறகு இப்படி ஆவது உண்டு என்றார். நிறையப் பேருக்குத் தானாகத் திரும்பும், சிலருக்குப் பாதி திரும்பும், சிலருக்குத் திரும்பாது. நாலு விதமான வாசனைகளைத் தினமும் இரண்டு வேளை முகர்ந்து பழக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

"எப்ப மொதல்ல கவனிச்சீங்க?" என்று அவளைக் கேட்டார்.

"காய்ச்சல் விட்ட உடனேயே கவனிச்சேன். அப்புறம், ஒண்ணும் இல்லன்னு நெனச்சுட்டேன்."

"ஏன் அப்படி நெனச்சீங்க?"

அவள் கைப்பையின் வாரைச் சரிசெய்தாள். என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். டாக்டர் முன்னால் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். முன்பே வந்திருந்தால் சரியாகியிருக்குமா என்று நான் டாக்டரைத் தனியாகக் கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். அவர் அப்படிச் சொன்னது ஆறுதலா தண்டனையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஃபேக்டரியில் அவளை வேலையைவிட்டு எடுக்கவில்லை, பார்சல் கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே பெட்டிகள் சரியாக மூடியிருக்கின்றனவா என்று பார்க்கிற வேலை. மூக்கம்மா என்று கூப்பிடுவதை எல்லோரும் ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள். "பேசி வெச்ச மாதிரி நிறுத்திட்டாங்க," என்று அவள் சொன்னாள். அவர்கள் கூப்பிட்டிருந்தாலே தேவலை என்பது அவள் குரலில் இருந்தது.

வீட்டு விஷயம் ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் எனக்கு அந்த இன்னொரு ஆளின் ஞாபகம் வந்தது. மதிப்புரையை அழிக்கப் போனேன். முப்பது நாள் தாண்டினால் மாற்றவோ நீக்கவோ முடியாது என்று தளம் சொன்னது. உதவிப் பிரிவுக்கு எழுதினேன். நாங்கள் மதிப்புரைகளில் தலையிடுவதில்லை என்று பதில் வந்தது. கடைப் பக்கத்தைத் திறந்தேன். எனக்குப் பிறகு யாரும் மதிப்புரை எழுதியிருக்கவில்லை. மேலே முதல் ஆளாக நான்தான் நின்றுகொண்டிருந்தேன். அதற்கும் மேலே சாம்பல் எழுத்தில், இந்தக் கடை இப்போது விற்பனை செய்வதில்லை என்று இருந்தது.

செய்தி அனுப்பும் இடம் மட்டும் திறந்திருந்தது. நடந்ததையெல்லாம் எழுதினேன். உங்கள் இலையில் ஒரு குறையும் இல்லை, என் மனைவிக்குத்தான் முகரும் சக்தி போயிருந்தது, எனக்கு வாசனை வந்தது, வந்தும் இல்லை என்று சொன்னேன், உங்கள் மாமியாருக்கு வைத்ததையும் வாங்கிக்கொண்டு உங்களை ஏமாற்றுக்காரி என்று எழுதினேன் என்று சின்னச் சின்ன வாக்கியமாக, இயந்திரம் எதையும் குழப்பிவிடாதபடி எழுதினேன். நாலு மாதம் பதில் இல்லை. விட்டுவிட்டேன்.

ஐந்தாவது மாதம், மதியச் சாப்பாட்டு நேரத்தில், மிஷின் பக்கத்தில் நின்றபோது போன் அதிர்ந்தது.

'அன்பான வாங்குபவரே, இந்தப் பக்கத்தை இப்போது அரிதாகவே பார்க்கிறேன். என் கணவர் நகரத்தில் வேலைக்குப் போய்விட்டார். எங்கள் இலையை இப்போது ஒரு வியாபாரி மொத்தமாக எடுக்கிறார், மற்றவர் இலையோடு கலக்கிறார். கடையை மூடியது உங்கள் ஒரு நட்சத்திரத்தால் மட்டும் அல்ல. ஆனால் அதனாலும்தான். அந்த வருடம் என் கணவர் இலையைத் தானே தவறாக வறுத்தார் என்று நம்பினார், நானும் அவரைக் குறை சொன்னேன். உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டுவேன். உங்கள் மனைவி விரைவில் முகரட்டும்.'

கூடத்தில் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் கவனிக்காததால் முந்நூறு லேபிள்கள் நிறம் மாறி விழுந்தன. என் வேலையில் அப்படி நடந்தது அதுதான் முதல் முறை.

கடிதத்தை மனைவியிடம் காட்டினேன். அவள் இரண்டு முறை படித்தாள். "பாவம், அந்த மனுஷனையும் திட்டியிருக்காங்க," என்று மட்டும் சொன்னாள்.

டாக்டரைப் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது. நாலு சின்ன பாட்டில்களை அவள் காலையும் மாலையும் தவறாமல் முகர்கிறாள். கொஞ்சம் திரும்பியிருக்கிறது. ஆரஞ்சுத் தோல் தெரிகிறது. சோப்பு ஒரு மாதிரி கோணலாக, ரப்பர் போலத் தெரிகிறதாம். நான் அவளிடம் இப்போது ஒரு பொய்கூடச் சொல்வதில்லை. தெரியாததைத் தெரியாது என்கிறேன். கோபம், சண்டை எதுவும் எங்களுக்குள் இல்லை. சிரித்துப் பேசுகிறோம், சேர்ந்து கடைக்குப் போகிறோம். பார்க்கிறவர்கள் எங்களுக்குள் ஒன்றும் நடந்ததாகச் சொல்ல மாட்டார்கள்.

நேற்றுக் காலை பால் பாத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"திரிஞ்சிருக்கா பாருங்க."

நன்றாக முகர்ந்து பார்த்தேன். "இல்ல, நல்லாத்தான் இருக்கு."

"சரி," என்று தலையாட்டினாள். பிறகு அந்தப் பாத்திரத்தை ஒரு தட்டால் மூடி எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு அக்காவின் கதவைத் தட்டப் போனாள்.